மாசி நிலவில் மாமல்லைக்கு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் விடுமுறையை நாள்காட்டி சொல்லும். அதே வட்டாரத்து இருளர் பழங்குடியினருக்கு நிலா சொல்லும். மாசி மகப் பௌர்ணமி வந்துவிட்டால், காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் குடும்பங்கள் பாட்டி முதல் கைக்குழந்தை வரை மாமல்லபுரம் கடற்கரைக்குக் கிளம்பிவிடும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்குவதற்கு வெகுகாலம் முந்தைய வழக்கம் இது.

கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மனைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்பது ஐதீகம். அழைக்கப் போகிறவர்கள் ஆட்டம்பாட்டத்துக்குக் குறை வைப்பதில்லை.

நாலு குச்சி நட்டுச் சேலையைக் கட்டினால் கூடாரம். மூன்று கல் வைத்தால் அடுப்பு. பிள்ளைகள் அலையிலேயே கிடப்பார்கள். விடியற்காலையில் ஈர மணலில் ஏழு படி பிடித்து, பூவும் தேங்காயும் பொரியும் வைத்துப் படைப்பார்கள். அதே இடத்தில் கல்யாணமும் நடக்கும். மண்டப வாடகை கிடையாது.

பாம்பு பிடிப்பதில் பேர்போனவர்கள் இருளர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் படுத்தது. 1978-இல் உருவான அவர்களது கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில் பாம்பின் விஷத்தை எடுத்து முறிமருந்துத் தயாரிப்புக்குக் கொடுக்கிறது. சங்கத்துக்கு வெளியே பலருக்குச் செங்கல் சூளையும் அரிசி ஆலையும்தான் பிழைப்பு. ஆளுக்கொரு திசையில் சிதறிய சொந்தங்கள் ஒன்றுகூடுவது இந்த மணலில்தான். பெண் பார்ப்பது, பிள்ளைக்கு மொட்டையடிப்பது, பழைய சண்டையைத் தீர்ப்பது எல்லாம் ஒரே பயணத்தில் முடிகின்றன.