றப்பர் விளையும் நாட்டில் ஒரு கண்ணாடி றப்பர்

யாழ்ப்பாணத்தின் மோட்டார் வரலாற்றை எழுத முற்படுகிறவர் எவரும் ஒஸ்ரின் ஏ 40 காரைத் தவிர்த்துவிட முடியாது. 1947 இல் வெளிவந்த டெவோன், 1952 இல் அதன் இடத்துக்கு வந்த சமர்செற் ஆகிய இரண்டும் 1,200 சீ.சீ. இயந்திரம் பூட்டிய, உருண்டு திரண்ட உடம்புள்ள வண்டிகள். கல்யாண மாப்பிள்ளையும், மந்திகை ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகும் பிள்ளைத்தாய்ச்சியும் ஏறியது அவற்றில்தான்.

இவை அரை நூற்றாண்டு ஓடியது எப்படி என்று கேட்டால் எல்லோரும் மண்ணெண்ணெய்க் கதையையே சொல்வார்கள். 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய சாமர்த்தியம் அது. அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களாதலால் கைகூடியது. அதிகம் எழுதப்படாதது கண்ணாடி றப்பரின் கதை.

முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள அந்தக் கறுப்பு விளிம்பு அலங்காரத்துக்கு உரியதன்று. அதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று உடற்தகட்டின் விளிம்பைக் கவ்வும். மற்றது கண்ணாடியைப் பிடிக்கும். இயற்கை றப்பர் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் இறுகி வெடிக்கும். மாரி மழை அந்த வெடிப்பால் இறங்கி, விரிப்பின் கீழே தேங்கி, அடித்தகட்டைக் கறளாக்கும். இயந்திரத்தை எத்தனை தரமும் பிரித்துப் பூட்டலாம். அடித்தகடு உக்கினால் வண்டி முடிந்தது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவனின் அடுப்பும் அணைந்தது.

உதிரிப்பாகங்களும் தடைக்குள் அடங்கியதால், குடாநாட்டுக் கராஜ்களில் லொறி ரியூப்பைக் கீலமாக வெட்டி ஒட்டினார்கள். சிலர் தாரை உருக்கி வார்த்தார்கள். வெயிலில் தார் இளகிக் கண்ணாடியில் வழிந்த கார்களில் நானும் போயிருக்கிறேன்.

இதிலுள்ள முரணை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹென்றி விக்கம் பிறேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அவற்றில் சுமார் 1,900 கன்றுகள் 1876 இல் இலங்கைக்கு வந்தன. ஹெனரத்கொடவில் அவை நடப்பட்டன. சமர்செற் வெளிவந்த அதே 1952 இல் இலங்கை சீனாவோடு றப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்தது. றப்பரைக் கொடுத்துச் சோறு வாங்கிய நாடு இது. ஆனாலும் கச்சாவாகக் கப்பலேற்றிவிட்டு, வடிவம் பெற்ற றப்பரைக் காசு கொடுத்து வாங்கினோம். 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியும் 1970 – 77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் அந்தக் கதவையும் ஒடுக்கின.

மொறிஸ் மைனர்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பதினாறு லட்சத்துக்கு மேல் உற்பத்தியான கார் அது. 1956 வரை வந்தவற்றில் முன் கண்ணாடி இரு துண்டு, பிறகு ஒரே துண்டு; இரண்டுக்கும் பிரித்தானியாவில் இன்றும் புதிதாக றப்பர் செய்கிறார்கள். சமர்செற் 1954 இல் நின்றுபோனது. அதற்குத் தேடித்தான் திரியவேண்டும்.

2002 இல் ஏ 9 பாதை திறந்தபோது, வடமராட்சியிலிருந்து வாடகைக் கார்க்காரர் ஒருவர் இரண்டு அங்குலப் பழைய றப்பர்த் துண்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு கொழும்புக்கு வந்தார். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கிடைக்கவில்லை. கடைசியில் நகருக்கு வெளியே ஒரு சிறிய றப்பர்ப் பட்டறைக்கு வழி காட்டினார்கள்.

இரும்புத் தகட்டில் மாதிரியின் வடிவத்துக்குத் துளை வெட்டி, கந்தகம் கலந்து பிசைந்த றப்பரை அதனூடாகத் தள்ளி, நீராவியில் அவித்து எடுப்பது அவர்கள் முறை. முதல் சுருள் கண்ணாடியைப் பிடிக்கவில்லை. காரணம் இரண்டு. துளையை விட்டு வெளியே வந்ததும் றப்பர் சற்றுப் பருக்கும். மாதிரியோ ஐம்பது வருட வெயிலில் சுருங்கி இறுகியது. அதை அளந்தால் பிழையான அளவே கிடைக்கும். பட்டறைக்காரர் மாதிரியைத் தூர வைத்துவிட்டு, “கண்ணாடியின் கனத்தையும் தகட்டின் கனத்தையும் அளந்து அனுப்புங்கள்” என்று சிங்களத்தில் சொன்னார். தொலைபேசியில் பருத்தித்துறையிலிருந்து அளவு வந்தது. இரண்டாவது சுருள் சரியாக அமைந்தது.

பூட்டும்போது நானும் போயிருந்தேன். றப்பரைக் கண்ணாடியில் மாட்டி, மற்றப் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிப் பதித்து, சவர்க்காரத் தண்ணீர் பூசினார்கள். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் தட்ட, மற்றவர் உள்ளே இருந்து கயிற்றை இழுக்க, றப்பரின் உதடு தகட்டின் மேல் அங்குலம் அங்குலமாக ஏறி அமர்ந்தது. பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். விரிப்பைத் தூக்கிப் பார்த்த கார்க்காரர், “ஒரு சொட்டும் இல்லை தம்பி” என்றார்.

போர் முடிந்த 2009 க்குப் பிறகு, பழைய கார்களைத் தேடித் தெற்கிலிருந்து சேகரிப்பாளர்கள் வரத் தொடங்கினார்கள். தடையினால் புதிய வண்டிகள் வராததாலேயே குடாநாட்டில் தங்கிப்போன கார்கள் அவை. வந்தவர்களில் விபரம் தெரிந்தவர்கள் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. விரிப்பைத் தூக்கி, கண்ணாடிக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்த பிறகே விலை பேசினார்கள்.