அரைச் சுற்று

2004, அக்டோபர் மாதம். அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரம். கம்ப்யூட்டர் துறையின் பெரிய தலைகள் ஆயிரக்கணக்கில் கூடியிருந்த மாநாடு. மேடையில் இன்டெல் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட். பேச்சின் நடுவே மனிதர் சட்டென்று மண்டியிட்டுவிட்டார்!

மயக்கம் எல்லாம் இல்லை. மன்னிப்புக் கேட்டார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பென்டியம் 4 வரும் என்று சொல்லியிருந்தார்கள். வரவில்லை. திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். அதற்குத்தான் இந்த மண்டியிடல்.

இந்தக் காட்சிக்கும், உங்கள் அலமாரியில் தூங்கும் பழைய ஆபீஸ் லேப்டாப்பின் அடிவயிற்றில் இருக்கும் ஒரு குட்டி ஸ்க்ரூவுக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு.

2000-ம் வருடம் நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது அதன் வேகம் 1.5 கிகாஹெர்ட்ஸ். இன்னும் சில வருடங்களில் பத்தைத் தொட்டுவிடுவோம் என்று இன்டெல்காரர்கள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொட்டது என்னவோ 3.8. அதற்கே 115 வாட். ஒரு விரல்நகம் அளவு சில்லில் இத்தனை சூடு! காரணம் எளிது. வேகம் கூட வேண்டுமென்றால் மின்னழுத்தமும் கூட வேண்டும். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஃபேனைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ம்ஹூம்.

அப்போது கைகொடுத்தது இன்டெல்லின் இன்னொரு மூலை. இஸ்ரேலில் ஹைஃபா என்ற ஊரில் இருந்த அவர்களது வடிவமைப்புக் குழு, லேப்டாப்புக்கென்று நிதானமான ஒரு சிப்பைச் செய்திருந்தது. 2003 மார்ச்சில் வந்த பென்டியம் எம். ஓட்டம் குறைவு, வேலை அதிகம், சூடு கொஞ்சம். அந்த வழியைப் பிடித்துக்கொண்டு 2006 ஜனவரியில் ஒரே சில்லுக்குள் இரண்டு மூளைகள் வந்தன. கோர் டுயோ என்று பெயர். அதே வருடம் நவம்பரில் மேஜைக் கம்ப்யூட்டருக்கு நான்கு மூளைகள். அதாவது குவாட் கோர்.

ஒரு அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் ஒரு அளவுக்கு மேல் பாத்திரம்தான் தீயும். நான்கு அடுப்பை மிதமாக எரித்தால் கல்யாணச் சமையலே முடிந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி.

லேப்டாப்புக்கு இந்த நான்கடுப்பு வந்து சேர 2008 ஆகஸ்ட் ஆனது. கோர் 2 எக்ஸ்ட்ரீம் க்யூஎக்ஸ்9300. அதன் விலை, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆயிரத்து முப்பத்தெட்டு டாலர். லேப்டாப் இல்லை, வெறும் சிப்!

இங்கேதான் ஆபீஸ் லேப்டாப் கதைக்குள் வருகிறது. 1992-ல் ஐபிஎம் கொண்டுவந்த திங்க்பேட், 2005-ல் சீனாவின் லெனோவோ கைக்குப் போனது. கறுப்புப் பெட்டி, நடுவில் சிவப்புப் பொட்டு. பார்த்திருப்பீர்கள். இதை வாங்கியவர்கள் பெரும்பாலும் தனி மனிதர்கள் இல்லை, கம்பெனிகள். நூறு, ஆயிரம் என்று மொத்தமாக. கணக்கெழுதுபவருக்கு ஒரு சிப், இன்ஜினீயருக்கு ஒரு சிப். ஒவ்வொன்றுக்கும் தனி மதர்போர்டு செய்தால் கட்டுப்படியாகுமா? எனவே ஒரே மதர்போர்டில் ஒரு சாக்கெட்டை வைத்து, கேட்டவருக்குக் கேட்ட சிப்பைச் செருகிக் கொடுத்தார்கள். ரிப்பேர்காரர்களுக்காக ஒரு கையேடும் போட்டார்கள். எந்த ஸ்க்ரூவை எப்போது கழற்றவேண்டும் என்று படம் போட்டு விளக்கும் கையேடு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம்.

கவனியுங்கள், இதில் எதுவுமே உங்களுக்காகவோ எனக்காகவோ செய்யப்பட்டதில்லை. எல்லாம் தொழிற்சாலையின் சௌகரியம். ஆனால், கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் கழித்து இந்த லேப்டாப்களை மொத்தமாகக் கழித்துக்கட்டியபோது, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சாமானியர்களுக்கு அந்த சாக்கெட் ஒரு புதையலாகிப் போனது.

உதாரணத்துக்கு 2013-ல் வந்த திங்க்பேட் டி440பி. கம்பெனிகள் அதிகம் வாங்கிய ரகத்தில் ஐ5-4300எம் இருக்கும். இரண்டு மூளை, 37 வாட், அதிகபட்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். அதே சாக்கெட்டில் உட்காரக்கூடிய ஐ7-4712எம்க்யூவுக்கு நான்கு மூளை. வாட்? அதே 37. அதிகபட்ச வேகம்? அதே 3.3. சூட்டின் கணக்கு மாறாமல் அடுப்பு மட்டும் இரண்டு மடங்கு. ஆர்லாண்டோவில் மண்டியிட்டு ஒன்பது வருடத்தில் நடந்த அதிசயம் இது.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பேட்டரியைக் கழற்றுங்கள். அடியில் இரண்டு ஸ்க்ரூ, மூடி வந்துவிடும். ஃபேனோடு சேர்ந்த செம்புக் குழாயை எடுத்தால் கீழே ப்ராசஸர். அதன் ஓரத்தில்தான் நாம் தேடிவந்த குட்டி ஸ்க்ரூ. அரைச் சுற்று சுற்றினால் பிடி தளரும். பழைய சிப்பை அலுங்காமல் தூக்குங்கள். புதியதன் அடியில் 946 ஊசிகள், ஒவ்வொன்றும் முடிபோல. ஒன்று வளைந்தாலும் போச்சு. மூலையில் இருக்கும் குறியைப் பார்த்து வைத்து, அழுத்தாமல் விட்டால் தானே உட்காரும். மறுபடி அரைச் சுற்று. மேலே ஒரு துளி தெர்மல் பேஸ்ட். முடிந்தது.

ஆசைப்பட்டு 47 வாட் சிப்பைப் போட்டவர்களும் உண்டு. அவர்கள் கனமான செம்புக் குழாயைத் தேடி அலைந்தார்கள். 65 வாட் அடாப்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு 90-க்குப் போனார்கள். இன்னொரு வில்லங்கம், தலைமுறைக்குத் தலைமுறை இன்டெல் சாக்கெட்டை மாற்றிக்கொண்டே வந்தது. 2009-ல் வந்த சாக்கெட்டுக்கும் 988 ஊசி, 2011-ல் வந்ததற்கும் 988 ஊசி. ஆனால் இதில் இருப்பது அதில் வேலை செய்யாது. பூட்டுக் கம்பெனிக்காரன் தோற்றான்!

ஒரு உண்மையையும் சொல்லிவிடவேண்டும். லெட்டர் டைப் அடிப்பதற்கும் மெயில் பார்ப்பதற்கும் இந்த வைத்தியம் தேவையே இல்லை. ஒரே ஒரு காபிக்கு நான்கு அடுப்பு எதற்கு? பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே அந்த லேப்டாப் துள்ளிக்கொண்டு எழும். வீடியோ எடிட் செய்பவர்கள், புரோகிராம் எழுதுபவர்கள், ஒரே சமயத்தில் பத்து வேலையை முடுக்கிவிடுபவர்கள்... இவர்களுக்குத்தான் நான்கு மூளை.

சரி, இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் நின்றுபோனது?

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு ஆபீஸ் கவருக்குள் இருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்தாரே, அந்த நிமிடமே சாக்கெட்டின் ஜாதகம் கெட்டுவிட்டது. உலகம் முழுக்க மெலிசு மோகம். 2011-ல் இன்டெல்லும் அல்ட்ராபுக் என்று தாரை தப்பட்டையோடு கிளம்பியது. சாக்கெட் என்றால் சில மில்லிமீட்டர் உயரம் வேண்டும். அதற்கு இடமில்லை. ஊசிகளை எடுத்துவிட்டு, ஈயக் குண்டுமணிகளை வைத்து சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். டி440பி-யின் கூடப்பிறந்த டி440எஸ் அப்படித்தான் வந்தது. 2015-ல் அடுத்த தலைமுறை சிப்கள் லேப்டாப்புக்கு வந்தபோது, ஊசி வைத்த ரகமே கிடையாது. கடையை மூடியாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மெலிந்த லேப்டாப்புக்கென்று வந்த 15 வாட் சிப்களில் இரண்டே மூளைகள். 2015-ல் டி450, அடுத்த வருடம் டி460, அதற்கடுத்த வருடம் டி470... எல்லாமே இரண்டுதான். பழைய டி440பி-யில் அரைச் சுற்று சுற்றி நான்கு மூளை போட்டுக்கொண்டவர், புத்தம்புது லேப்டாப் வைத்திருந்த மேனேஜரைப் பார்த்து மூன்று வருடம் சிரித்துக்கொண்டிருக்கலாம்! 2018-ல் டி480 வந்த பிறகுதான் அந்த வரிசைக்கு 15 வாட்டில் நான்கு மூளை கிடைத்தது. கிடைத்ததே தவிர, கழற்ற முடியாது. வாங்கும் அன்று எது இருக்கிறதோ, அதுதான் கடைசிவரை.

சிரிப்பும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. இன்டெல் சிப் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோதான் என்று மைக்ரோசாஃப்ட் கோடு கிழித்தது. டி440பி-யின் சிப் நான்காம் தலைமுறை. மூளை இரண்டா நான்கா என்று யாரும் கேட்கவில்லை. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துபோனது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ மெஷின்கள் ஒரு தேதியால் கிழடாயின. ஹார்டுவேரில் திறந்த கதவை சாஃப்ட்வேரில் சாத்திவிட்டார்கள். விடாக்கண்டர்கள் லினக்ஸைப் போட்டு இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2021-லேயே அமெரிக்காவில் ஃப்ரேம்வொர்க் என்ற ஒரு புதுக் கம்பெனி, மதர்போர்டையே கழற்றி மாற்றும்படி ஒரு லேப்டாப்பை விற்கத் தொடங்கியது. அடுத்த வருடமே பழைய உடம்புக்குள் செருகிக்கொள்ளப் புதிய சிப் வைத்த போர்டையும் கொடுத்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அந்த போர்டிலும் ப்ராசஸர் பற்றவைக்கப்பட்டுத்தான் இருக்கிறது. சிப்பை மட்டும் மாற்ற நினைத்தாலும் போர்டையே வாங்கவேண்டும். திருகுவதற்கு அங்கேயும் அந்தக் குட்டி ஸ்க்ரூ இல்லை.