ஒரே மழையில் நனையாத பிரதி: தென்சென்னைப் புறநகரும் மேகச் சேமிப்பின் வளர்ச்சியும்

மேகக் கணிமை என்ற பெயரைக் கேட்டால் தரவுக்கு ஊரே இல்லை என்று தோன்றும். உண்மையில் அதற்கு நிலம் வேண்டும், மின்சாரம் வேண்டும், வடம் வேண்டும். அந்த நிலத்தில் மழையும் பெய்யும். கிழக்கே பெருங்குடி முதல் சிறுசேரி வரை, மேற்கே தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரை பரந்துள்ள தென்சென்னைப் புறநகரை மையமாக வைத்து, ஒரே தரவைப் பல இடங்களில் பிரதியெடுத்து வைக்கும் பரவல் சேமிப்பின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வேகம், செலவு, நம்பகம் மூன்றையும் சமன்செய்வதில் பிரதிகளின் எண்ணிக்கையைவிட அவற்றுக்கு இடையிலான தொலைவே முதன்மையானது என்பது இதன் வாதம்.

கரைக்கு வந்த வடங்கள்

2000-இல் தரமணியில் தகவல் தொழில்நுட்ப வளாகமான டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2002-இல் சுமார் 3,200 கி.மீ. நீளமுள்ள ஐ2ஐ கடல்வடம் சென்னையைச் சிங்கப்பூருடன் இணைத்தது. 2005-இல் சீ-மீ-வீ 4 கடல்வடம் வந்தது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். அந்தக் கணக்கில், சிங்கப்பூர் சர்வருக்குப் போய்த் திரும்ப 32 மில்லி வினாடி ஆகும். எவ்வளவு பணம் செலவழித்தாலும் அதைக் குறைக்க முடியாது. தரவைப் பயனாளர் அருகில் வைக்க வேண்டும் என்ற தேவை இங்கிருந்தே பிறக்கிறது. கடல்வடங்களும் தொழில்துறை மின்வசதியும் கைக்கெட்டும் தொலைவில் இருந்ததால், சிறுசேரி சிப்காட் வளாகம் பின்னாளில் தரவு மையங்களின் திரளாக மாறியது.

மூன்று பிரதிகளின் கணக்கு

இதே காலத்தில் கோட்பாடும் வளர்ந்தது. பிணையம் துண்டாகும் நேரத்தில், எல்லாப் பிரதிகளும் ஒன்றுபோல் இருப்பதையும் எல்லாக் கோரிக்கைக்கும் விடை தருவதையும் ஒருசேரக் காக்க முடியாது என்று 2000-இல் கணினி அறிவியலாளர் எரிக் புரூவர் முன்வைத்தார். 2002-இல் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்ச்சும் அதை நிறுவினர். 2003-இல் விவரம் வெளியான கூகுள் கோப்பு அமைப்பு ஒவ்வொரு துண்டையும் இயல்பாக மூன்று பிரதிகளாக வைத்தது.

அமேசானின் டைனமோ சேமிப்பு அமைப்பு பற்றிய கட்டுரை (2007) இதை ஓர் எளிய கணக்காக்கியது. சேலையூர்க் கடைக்காரர் ஒருவர் அன்றைய கணக்கைச் சேமிப்பதாகக் கொள்வோம். மூன்று சர்வர்களுக்கும் அது போகிறது. இரண்டு 'எழுதிவிட்டேன்' என்றால் போதும், திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வரும். மறுநாள் படிக்கும்போதும் இரண்டைக் கேட்டால் போதும். இரண்டும் இரண்டும் நான்கு. அது மூன்றைவிடப் பெரிது. ஆகவே கேட்ட இரண்டில் ஒன்றிலாவது புதிய கணக்கு இருக்கும். ஒன்று மட்டும் எழுதினால் போதும் என்று விட்டால் வேகம் கூடும்; பழைய கணக்கு கண்ணில் படும் வாய்ப்பும் கூடும். ஏடுகளைப் படியெடுத்தவர்கள் அறிந்த பாடபேதம்தான் இது. பல ஏடுகளை ஒப்புநோக்கி உ.வே.சாமிநாதையர் ஆண்டுக்கணக்கில் செய்த பணியின் ஒரு சிறுகூற்றை இங்கு நிரல் செய்கிறது.

2015: தொலைவு கற்பித்த பாடம்

2015 செப்டம்பர் இறுதியில் மைக்ரோசாஃப்ட் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களில் தன் மேகச் சேவை மண்டலங்களைத் திறந்தது. இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. மறைமலைநகர் அச்சகத்திற்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாததால், 1878-இல் தொடங்கிய 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு முதன்முறையாக அச்சாகவில்லை. செய்தி இருந்தது, எழுதியவர்கள் இருந்தார்கள். ஆனால் அச்சிடும் இடம் ஒன்றே ஒன்றாக இருந்தது.

அதே வெள்ளத்தில் பட்டாவும் மதிப்பெண் சான்றிதழும் கரைந்துபோன குடும்பங்களுக்கு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் வழங்கியது. வீட்டுப் பீரோவில் இருந்தது அழிந்தாலும் அலுவலகப் பதிவேட்டில் இன்னொன்று இருந்ததால்தான் அது முடிந்தது. அந்த இன்னொன்று எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதே அடுத்த கேள்வி. தாம்பரத்திலிருந்து சிறுசேரி நேர்க்கோட்டில் ஏறத்தாழ 15 கி.மீ.தான். இரண்டு இடங்களிலும் பிரதி வைத்தால் போய்வர 0.15 மில்லி வினாடி போதும். ஆனால் 2016-இன் வர்தாவும் 2023-இன் மிக்ஜாமும் இரண்டு ஊரையும் ஒரே நாளில் தாக்கிய புயல்கள்.

செலவைக் குறைத்த குறிமுறை

மூன்று பிரதி என்றால் 1 டெராபைட்டுக்கு 3 டெராபைட் வட்டு. இதைக் குறைக்க, இழந்த துண்டை மற்றத் துண்டுகளிலிருந்து கணக்கிட்டு மீட்கும் 1960-இன் ரீட்–சாலமன் குறிமுறை கைகொடுத்தது. 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில் 12 தரவுத் துண்டுகளுக்கு 4 துணைத் துண்டுகள். தேவைப்படும் இடம் 1.33 மடங்குதான். ஒரு தரவுத் துண்டு கெட்டால் 12 துண்டுகளைப் படிக்காமல் 6 துண்டுகளைக் கொண்டே மீட்கலாம். 2018-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. விஜய் குமார் குழுவினர், மேரிலாந்து பல்கலைக்கழகம், நெட்ஆப் ஆய்வாளர்களுடன் சேர்ந்து உருவாக்கிய கிளே குறிமுறை, கூடுதல் இடம் கேட்காமலே மீட்புக்கான தரவுப் போக்குவரத்தைக் குறைத்தது. திறந்தமூலச் சேமிப்பு மென்பொருளான செஃப் அதை ஏற்றது. எனினும் துண்டு கெட்டிருக்கும் நேரத்தில் கணக்கிட்டுத்தான் தரவைத் தர வேண்டும் என்பதால் தாமதம் வரும். அதனால் புதிய தரவை முழுப் பிரதிகளாக வைத்து, பழையதானபின் குறிமுறைக்கு மாற்றுவது வழக்கமாயிற்று.

இரண்டாம் தளம்

2021-இல் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி, பங்குச் சந்தைகளின் மீட்புத் தளம் இயன்றவரை வேறு நிலநடுக்க மண்டலத்தில் அமைய வேண்டும், இயலாவிடில் குறைந்தது 500 கி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்றது. தரவு துளியும் இழக்காதிருக்க அருகில் ஒரு தளமும் வேண்டும் என்றது. அருகிலுள்ளது வேகத்துக்கு, தொலைவிலுள்ளது பேரிடருக்கு; இரண்டுக்குமான செலவை ஏற்றுக்கொள்வதே நம்பகத்தின் விலை. மும்பையின் தேசியப் பங்குச் சந்தைக்குச் சென்னை இரண்டாம் தளமாக இருந்துவருவது இந்தத் தர்க்கத்தில்தான். கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில் வளாகம் கொண்ட சோஹோ, இந்தியப் பயனாளர்களின் தரவை மும்பையிலும் சென்னையிலும் வைக்கிறது.

முடிவுரை

இந்த வரலாறு பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. குரோம்பேட்டையில் ஒரு சிறு மருத்துவமனையும் மேடவாக்கத்தில் ஒரு பள்ளியும் இன்று நோயாளிக் குறிப்பையும் மாணவர் பதிவையும் மேகத்தில் வைக்கின்றன. அன்றாடம் எடுப்பது சென்னையில் இருக்கட்டும். பழைய பதிவுகள் மலிவான சேமிப்பில், கடற்கரையை விட்டு வெகுதொலைவில் இருக்கட்டும். ஐப்பசி மழை பிடிக்கும் முன் ஒருநாள், அந்தத் தொலைவுப் பிரதியைத் திறந்து ஒரு பதிவையாவது மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்பி இருப்பது, ஏரியின் மதகைத் திறந்து பார்க்காமலே மழையை எதிர்கொள்வதாகும். ஏரிகளின் நடுவே குடியேறிய இந்தப் புறநகர் அதன் விலையை அறியும்.