கடதாசியும் காடும்

கடதாசி காட்டை அழித்தே பிறக்கின்றது என்பது பலரது எண்ணம். வரலாற்றை நோக்குவார்க்கு இக்கூற்று முழுதும் பொருந்தாமை புலனாகும். தோன்றிய காலத்தில் அது பெரிதும் கழிவுப்பொருளின் மறுபிறப்பாகவே விளங்கிற்று. கி. பி. 105 இல் சாய் லுன் என்னும் அரண்மனை அலுவலர் சீனப் பேரரசனுக்குச் சமர்ப்பித்த கடதாசி, மரப்பட்டை, சணல், கந்தைத்துணி, பழைய மீன்வலை என்பவற்றால் ஆயது. ஹெயான் காலத்து யப்பானியர் எழுதிய தாளையே மீண்டும் கூழாக்கினர். மை முற்றாக நீங்காமையால் அத்தாள் சாம்பல் நிறம் பெற்றது.

ஐரோப்பியரும் கந்தையிலிருந்தே கடதாசி செய்தனர். அச்சுத்தொழில் வளரவே கந்தைக்குப் பஞ்சம் உண்டாயிற்று. அச்சிட்ட தாளைப் புதுத்தாளாக்கும் முறையைக் கேர்ட்டிங்கன் நகரத்துச் சட்ட அறிஞர் கிளாப்புறொத் 1774 இல் நூலாக வெளியிட்டார். 1800 இல் இங்கிலாந்திலே கூப்ஸ் என்பவர் மை நீக்கும் முறைக்கு உரிமை பெற்றார். ஆயினும் அவரது ஆலை சில ஆண்டுகளிலே நொடிந்தது.

இதன்பின் நிகழ்ந்தவற்றை விளங்குதற்கு யேர்மனியின் சாக்சனி நாட்டை நோக்குதல் வேண்டும். சுரங்கங்களும் உலைகளும் அந்நாட்டு மரங்களை விழுங்கியமை கண்ட சுரங்க அதிகாரி கார்லோவிற்ஸ், வளர்வதற்கு மேல் வெட்டலாகாது என்னும் நெறியை 1713 இல் தம் நூலில் வகுத்தார். அதே சாக்சனியில், 1840களில், கெல்லர் என்னும் நெசவாளர் மரத்தை அரைகல்லில் தேய்த்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். கடதாசி மலிந்தது, செய்தித்தாளும் பாடநூலும் எளியோர் கையை எட்டின. இந்நன்மையை எவரும் மறுத்தல் இயலாது. ஆனால் கெல்லரின் பொறி பரவிய வேகத்திற் கார்லோவிற்சின் நெறி பரவவில்லை. அன்றியும், மரக்கூழ்த் தாள் விரைவிற் பழுத்து நொறுங்குவதாயிற்று. கந்தைத்தாளில் அச்சான முன்னைய நூல்கள் உறுதியாயிருக்க, பின்னையவை பல சிதைந்தமைக்குக் காரணம் இதுவே.

பழந்தாளை மட்டுங் கொண்டு உலகின் தேவையை நிறைவேற்றலாமோ எனின், இயலாது. கூழாக்குந்தோறும் நார் குறுகி வலி இழக்கும். ஆதலாற் புதுநார் கலத்தல் இன்றியமையாதது. அப்புதுநார் மரமாகவே இருத்தல் வேண்டும் என்பதும் இல்லை. ஈழத்தில் 1950களில் நிறுவப்பெற்ற வாழைச்சேனை ஆலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டமை இதற்குச் சான்றாகும்.

ஆகவே, காடு வளர்த்துத் தருவதற்கு மேற் கொள்ளாமை, கொண்டதை ஒருமுறையோடு கழியாமை என்னும் இரண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன. இவை இக்காலத்துப் புதுக்கருத்துக்கள் அல்ல. மலிவு கண்ட மயக்கத்தில் மனிதன் மறந்த பழைய அறிவே என்க.