ஆற்றுச் சீட்டும் குடும்பத் தோட்டமும்: ஜொகூர் நாட்டுப்புற வரலாறு



ஜொகூர் மாநிலத்தின் வரைபடத்தை விரித்தால் இருவகைப் பெயர்கள் மீண்டும் மீண்டும் நம் கண்ணில் படும். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்பன ஒருவகை. பாரிட் ஜாவா, பாரிட் ராஜா, பாரிட் சூலோங் என்பன மற்றொரு வகை. ஒவ்வொரு வகைப் பெயரும் நிலத்தைப் பண்படுத்திய ஒரு மக்கட் கூட்டத்தின் அடையாளம். இவற்றோடு மூன்றாம் வகையொன்றும் உண்டு. தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் வரும் 'லாடாங்' என்னும் சொல்லே அது. இம்மூவகைப் பெயர்களையும் கொண்டு ஜொகூர் நாட்டுப்புறத்தின் பண்ணை வரலாற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஆறுகளின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரின் உட்பகுதி அடர்ந்த காடாகவே இருந்தது. அங்கே ஆறுகளே சாலைகளாகப் பயன்பட்டன. சிங்கப்பூரில் கம்பீரும் மிளகும் பயிரிட்டு வந்த சீனக் குடியானவர்களைத் தெமெங்கோங் இப்ராகிம் 1840களில் தம் நாட்டிற்கு வரவழைத்தார். ஓர் ஆற்றின் பள்ளத்தாக்கைத் திருத்திப் பயிரிடும் உரிமை 'சூராட் சுங்கை' எனப்பட்ட ஆற்றுச் சீட்டின் வழி வழங்கப்பட்டது. ஸ்கூடாய் ஆற்றுக்குரிய சீட்டு 1844ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீட்டைப் பெற்ற தலைவர் 'கங்சூ' எனப்பட்டார். அவர் ஆற்றங்கரையில் அமைத்த குடியிருப்பே 'கங்கார்'.

கம்பீர் இலையைக் கொதிக்கவைத்து வற்றச்செய்து கட்டியாக்குவர். வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டியை ஒத்த அப்பொருள், தோல் பதனிடவும் சாயமேற்றவும் பெரிதும் வேண்டப்பட்டது. காய்ச்சி எடுத்தபின் எஞ்சிய இலைச்சக்கை மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. ஆகவே இவ்விரு பயிர்களும் ஒரே தோட்டத்தில் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன. எனினும் காய்ச்சுவதற்கு விறகு வேண்டியிருந்ததால் சுற்றியிருந்த காடு அழிந்தது. சில ஆண்டுகளில் மண்ணும் வளமிழந்தது. தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த ஆற்றை நாடிச் செல்வது வழக்கமாயிற்று. அது ஒரு தலைமுறை தங்கிப் பயிரிட்ட நிலமன்று. பயன்கொண்டு கடந்துபோன நிலம். சுல்தான் அபூபாக்கர் காலத்து ஜொகூரின் செல்வத்திற்கு அடிப்படையாக இருந்த கங்சூ முறை, 1917ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

வாய்க்கால்களின் காலம்

மேற்குக் கடற்கரையின் வரலாறு வேறு. பத்து பகாட், பொந்தியான், மூவார் வட்டாரங்களின் தாழ்நிலம் நீர் தேங்கிய சதுப்பு. ஜாவா, பஞ்சார், பூகிஸ் இன மக்கள் அங்கே வந்து, 'பாரிட்' எனப்படும் வடிகால் வாய்க்கால்களை வெட்டினர். மழைநீரைக் கடலுக்கு வடித்து, தென்னையும் கமுகும் காப்பியும் பின்னர் ரப்பரும் நட்டனர். வாய்க்காலின் இருமருங்கும் வீடுகள். வீட்டின் பின்னே நீண்டு செல்லும் தோட்டம். வெட்டியவரின் பெயரே பல வாய்க்கால்களுக்கு நிலைத்தது. இங்கேதான் குடும்பத் தோட்டம் என்னும் அமைப்பு வேரூன்றியது. 'கெரான்' எனப்படும் நிலப்பட்டா தந்தையிடமிருந்து மக்களுக்குச் சென்றது. பாகப்பிரிவினையால் நிலம் துண்டுபட்டதும் உண்மையே. ஆயினும் நிலத்தோடு குடும்பத்தின் பெயரும் நின்றது.

இச்சிறுதோட்டக்காரர்கள் இன்னலின்றி வாழ்ந்தவரல்லர். ரப்பர் விலை வீழ்ந்தபோது 1922 முதல் 1928 வரை நடப்பிலிருந்த ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், அவர்தம் விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டது. பெருந்தோட்ட நிறுவனங்களுக்கு இருந்த குரல் அவர்களுக்கு இல்லை. எனினும் பட்டா கையிலிருந்தமையால், விலை ஏறும்வரை காய்கறியும் வாழையும் பயிரிட்டுத் தாக்குப்பிடித்தனர்.

இருப்புப்பாதையும் பெருந்தோட்டமும்

கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்றது. ஆற்றை நம்பியிருந்த உட்பகுதி அதன்பின் இரயிலை நம்பலாயிற்று. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என அப்பாதை நெடுகப் பெருந்தோட்டங்கள் தோன்றின. அவற்றை உருவாக்கிய உழைப்பில் பெரும்பங்கு தமிழருடையது. 1907இல் அமைந்த இந்தியக் குடிநுழைவு நிதியின் துணையோடு, கங்காணிகள் தமிழகச் சிற்றூர்களிலிருந்து உற்றார் உறவினரைத் திரட்டி வந்தனர். 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும் வரை இவ்வருகை தொடர்ந்தது.

விடியுமுன் பெரட்டுக்களம், பின்னர் தமக்குரிய நிரையில் பால்மரம் சீவுதல், மங்கில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு நிறுவைக்குத் திரும்புதல். தந்தை சீவிய நிரையை மகன் சீவினான். தாய் நட்ட கன்றின் பாலை மகள் எடுத்தாள். ஒரு மரம் பால் தரத் தொடங்க ஐந்து முதல் ஏழாண்டு. அது கிழடாகி வெட்டப்படுமுன் ஏறக்குறைய ஒரு தலைமுறை. அவ்வாறு இரண்டு, மூன்று மரத் தலைமுறைகளைக் கண்ட குடும்பங்கள் பல. உழைப்பால் நோக்கின் அதுவும் குடும்பத் தோட்டமே. ஆனால் அவர்களிடம் ஆற்றுச் சீட்டும் இல்லை, பட்டாவும் இல்லை. வேலை முடிந்தால் லயத்து வீடும் போயிற்று.

1950களில் ஐரோப்பிய உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டுபோட்டு விற்கவே, தொழிலாளர் நிலைகுலைந்தனர். இதற்கு விடையாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களை வாங்கியது அச்சங்கம். தனித்தனியே பட்டா பெற இயலாதோர் ஒன்றுகூடி நிலத்திற்கு உரியராயினர். இது நம் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம். எனினும் அதன் எல்லைக்குள் வராத தோட்டங்களே மிகுதி. 1956இல் தோன்றிய பெல்டா, குடியேற்றக்காரருக்கு ஏறத்தாழ பத்து ஏக்கர் வீதம் நிலம் வழங்கியபோதும், அதில் இடம்பெற்ற தமிழ்க் குடும்பங்கள் சிலவே.

எஞ்சியிருக்கும் பெயர்

இன்று ஜொகூர் பாருவைச் சூழ்ந்த பழைய தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பிள்ளைகள் இன்று நகர்ப்புறக் குடியிருப்பின் நடுவே பயில்கின்றனர். பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் வாழ்கிறது. கங்கார் என்னும் பெயர் சீனக் குடியானவரையும், பாரிட் என்னும் பெயர் ஜாவானியரையும் நினைவூட்டுவதுபோல, 'லாடாங்' என்னும் பெயரே நம் முன்னோருக்கு எஞ்சிய பட்டா.

பட்டா இல்லாதவரின் வரலாறு ஆவணக் காப்பகத்தில் எளிதிற் கிடைப்பதன்று. அது பாட்டி தாத்தாவின் நினைவிலும், பழைய சம்பள அட்டையிலும், கோயில் வரவு செலவுக் குறிப்பேட்டிலும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் சிதறிக் கிடக்கிறது. அந்நினைவைச் சுமப்போர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆகவே ஆசிரியர்கள் தத்தம் பள்ளியின் பெயரிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். அத்தோட்டம் எங்கிருந்தது, காட்டுக்கூறுகளுக்கு மக்கள் இட்ட பெயர்கள் யாவை, எந்த நிரையை யார் சீவினார் என்று மாணவர் தம் வீட்டு முதியோரிடம் கேட்டுத் தேதியிட்டு எழுதி வைக்கட்டும். நிலத்தை நம் முன்னோர் பெயரில் எழுதித் தந்தவர் சிலரே. அவர்தம் உழைப்பையேனும் அவர்கள் பெயரில் எழுதிவைக்கும் கடமை நமக்குரியது.