சீருடைப் பணியாளர் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம்

காவலர், தீயணைப்பு வீரர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணத்தில் தரப்படும் விலக்கு அல்லது உதவித்தொகை. அமெரிக்காவின் டெக்சாஸ் உள்ளிட்ட பல மாநிலங்களில், பணியில் உயிரிழந்தவர்கள் அல்லது ஊனமுற்றவர்களின் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரிகள் கட்டணத்தையே தள்ளுபடி செய்கின்றன. இந்தியாவில் கிடைப்பது பெரும்பாலும் உதவித்தொகைதான். தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து வழங்கப்படும் பிரதமர் கல்வி உதவித்தொகை, பயங்கரவாத, நக்சல் தாக்குதல்களில் இறந்த மாநிலக் காவலர்களின் பிள்ளைகளுக்கும் 2019 மே 31 அன்று நீட்டிக்கப்பட்டது. ஆண்டுக்கு 500 பேருக்கு வாய்ப்பு. மாதந்தோறும் மாணவருக்கு ரூ.2,500, மாணவிக்கு ரூ.3,000.

அந்த நீட்டிப்பில் தீயணைப்போர் இல்லை. பட்டாசு ஆலைகள் நிறைந்த விருதுநகர் மாவட்டத்துக்கு இது பெரிய குறை: இங்கே அவர்கள் எதிர்கொள்ளும் ஆபத்து நக்சல் அல்ல, வெடிமருந்து.

இம்மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் ஊர்களில் உண்மையில் கைகொடுப்பவை பொதுத் திட்டங்களே. அரசு கலைக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. திருச்சுழிக்கான கல்லூரி 2021இல் அறிவிக்கப்பட்டது. தொழிற்படிப்புக்கு, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான சலுகை 2010இலிருந்து உண்டு. ஆனால் பட்டம் பெற்றுவிட்டுக் காவலரானவரின் பிள்ளைக்கு அது கிடைக்காது. பத்தாம் வகுப்போடு நின்ற மானாவாரி விவசாயியின் மூத்த பிள்ளைக்குக் கிடைக்கும்.