வாடகைக் கடையா, சொந்தக் கடையா? இணைய வணிக மென்பொருள் வந்த வழி

இணையத்தில் கடை திறக்க நினைக்கும் புதியவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த மென்பொருள் நல்லது என்பதாகத்தான் இருக்கும். 1995-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிறு வணிகர் இப்படிக் கேட்கவே முடியாது. இணையக் கடை வேண்டுமென்றால் நிரலாளரைச் சம்பளத்திற்கு அமர்த்தி எழுதச் சொல்ல வேண்டும். பலசரக்குக் கடைக்காரருக்கு அது கட்டுப்படியாகுமா?

அவ்வாண்டு அமெரிக்காவில் பால் கிரஹாமும் ராபர்ட் மோரிசும் ஓவியக் கூடங்களை இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று புறப்பட்டனர். சில கூடங்கள் இலவசமாகச் செய்துதர இசைந்தன. காசு கொடுக்க எவரும் முன்வரவில்லை. ஆனால், படமும் விலையுமாக அவர்கள் உருவாக்கிய பக்கங்கள் கடையைப் போலவே இருந்தன. அங்கிருந்து பிறந்ததுதான் வயாவெப். பின்னர் டிரெவர் பிளாக்வெல்லும் சேர்ந்துகொண்டார்.

வணிகரின் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. மென்பொருள் நிறுவனத்தின் வழங்கியிலேயே இயங்கும். வணிகர் உலாவியைத் திறந்து சொடுக்கிச் சொடுக்கியே கடையை அமைத்துக்கொள்ளலாம். இன்று இது சாதாரணம், அன்று பெரும் புதுமை. சிறிய கடைக்கு மாதம் 100 அமெரிக்க வெள்ளி, பெரிய கடைக்கு 300 வெள்ளி என்று கட்டணம் வைத்தனர். 1998-இல் யாஹூ நிறுவனம் ஏறத்தாழ 4 கோடியே 90 லட்சம் வெள்ளி மதிப்புள்ள தன் பங்குகளைக் கொடுத்து அதை வாங்கி, 'யாஹூ ஸ்டோர்' என்று பெயரிட்டது. வாடகைக் கடையின் வரலாறு இதுதான்.

சொந்தக் கடையின் வரலாறு ஜெர்மனியில் தொடங்குகிறது. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹரால்ட் போன்சே டி லியோன் தொடங்கிய திட்டம் பின்னர் 'ஓஎஸ்காமர்ஸ்' என்று பெயர் பெற்றது. மென்பொருள் இலவசம்; மூல நிரலும் எல்லாருக்கும் திறந்தே இருந்தது. காசு மிச்சம் என்று மகிழ்ந்த புதியவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் காத்திருந்தது. கூடுதல் வசதி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், குறிப்பிட்ட கோப்பில் குறிப்பிட்ட வரியைத் தேடி, அதைக் கையால் மாற்ற வேண்டும். இப்படிப் பத்து வசதிகளைச் சேர்த்த பிறகு புதிய பதிப்பு வந்தால், அத்தனை திருத்தங்களையும் மீண்டும் செய்தாக வேண்டும். பலர் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டனர். பாதுகாப்பு ஓட்டைகளும் அவர்களோடு தங்கிவிட்டன. 2003-இல் ஒரு குழுவினர் அந்நிரலைப் பிரித்தெடுத்து 'ஜென் கார்ட்' என்று தனியாக நடத்தத் தொடங்கினர். இலவசக் கடைக்கும் பராமரிப்புச் செலவு உண்டு என்பதை விளம்பரங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

கனடாவின் ஒட்டாவா நகரில் 2004-இல் டோபியாஸ் லுட்கேயும் நண்பர்களும் பனிச்சறுக்குப் பலகை விற்க 'ஸ்னோடெவில்' என்ற கடையைத் திறந்தனர். கிடைத்த மென்பொருள் எதுவும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நிரலாளரான லுட்கே தாமே எழுதினார். கடைசியில் பலகையைவிட மென்பொருளே நல்ல சரக்காகத் தெரிந்தது. 2006-இல் அது 'ஷாப்பிஃபை' என்ற பெயரில் வெளிவந்தது. கடைக்காரரே எழுதியது என்பதால் கடைக்காரரின் தொல்லைகள் அதற்குத் தெரிந்திருந்தன.

2008 மார்ச் மாதம் 'மஜெண்டோ' வந்தது. வசதிகள் ஏராளம், ஆனால் மலிவான வழங்கியில் ஆமை வேகம். 2015-இல் வந்த இரண்டாம் பதிப்பு அடிப்படையிலேயே வேறானது. 2018-இல் அடோபி நிறுவனம் அதை வாங்கியது. 2020 ஜூன் மாதத்தோடு முதல் பதிப்புக்கான ஆதரவு நின்றபோது, அதில் கடை வைத்திருந்தவர்கள் வடிவமைப்பையும் கூடுதல் நிரல்களையும் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. ஆண்டுக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கடையாக இருந்தாலும் இதுதான் நிலை.

எனவே புதியவர் கட்டணப் பட்டியலைப் பார்க்கும் முன்பு, பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் முழுமையாக வெளியே எடுத்துச் செல்ல முடியுமா என்று பார்ப்பது நல்லது. கடையை மாற்றும் நாள் வந்தால் கையில் மிஞ்சுவது அவைதாம்.

ஏற்கெனவே வேர்ட்பிரஸில் அகப்பக்கம் வைத்திருந்தவர்களுக்கு 2011-இல் 'வூகாமர்ஸ்' ஒரு செருகு நிரலாக வந்தது. அதுவும் புதிதாக முளைத்ததன்று; 'ஜிகோஷாப்' என்ற வேறொரு திறந்த நிரலிலிருந்து கிளைத்தது. 2015-இல் வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.